முப்பத்தோரு டிக்

பத்து முப்பத்திரண்டு. ராகுகாலம் பிறந்து இரண்டு நிமிடம். அழகேசன் சார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார், பன்னிரண்டு தாண்டிய பிறகுதான் வருவார், வந்ததும் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு என் மேஜைக்கு வந்து ‘வெளியிடு’ என்ற பொத்தானைத் தன் கையால் அழுத்துவார், அதோடு நான் ஐந்து மாதமாகக் கட்டிய இணையதளம் திறந்துவிடும், திருச்சியில் வாடகைக்கு வீடு தேடுகிற யார் வேண்டுமானாலும் அதற்குள் வரலாம். யார் வேண்டுமானாலும். அதுதான் சாருக்குப் பிரச்சினை. அதனால் பன்னிரண்டுக்குள் நான் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேர்த்துவிட வேண்டும். சொந்த ஊர் எது, அப்பாவின் தொழில் என்ன, சைவமா அசைவமா. மூன்று பெட்டி வரையப் பத்து நிமிடம் போதும், வரைந்துவிட்டு மீதி நேரம் எதிர் மேஜைப் பரிமளா அக்காவோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கலாம். கை விசைப்பலகை மேல்தான் இருக்கிறது. போடு மதி, போட்டுவிட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள். போடாதே. சோதனைக் காலம் ஆறு மாதம், இந்த மாதக் கடைசியில் முடிகிறது, அதற்குப் பிறகுதான் நிரந்தரமா இல்லையா என்று கடிதம் தருவார். ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொன்றும் முடிகிறது. நாங்கள் குடியிருக்கிற வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்களாம், ஆனி பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா, அம்மா, நான், ஒரு பீரோ, ஒரு தையல் மெஷின். ஊருக்கே வீடு பார்த்துக் கொடுக்கிற ஆபீஸில் வேலை செய்கிறேன், எனக்கு வீடு வேண்டும் என்று சாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேட்பார். என்ன கேட்பார் என்று தெரியும். அந்த மூன்றைத்தான்.

நீல அட்டை போட்ட நோட்டு என் இடது கைப் பக்கம் திறந்து கிடக்கிறது. இருபது வருடமாக சார் வீடுகளைக் குறித்து வைக்கிற நோட்டு. இப்போது கைவசம் எழுபத்து நான்கு வீடுகள். வீட்டுக்கு ஒரு வரி, எந்தத் தெரு, மாடியா கீழா, காவிரித் தண்ணீரா போர் தண்ணீரா, வாடகை என்ன. முப்பத்தோரு வீடுகளுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். அது என்ன என்று நான் கேட்கவில்லை. எதையும் இரண்டு தடவை கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை, ஏனென்றால் டிக்கில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்றாம் வகுப்பிலிருந்து டிக் என்றால் சரி. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருடைய நோட்டிலும் டிக் விழுந்ததில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு என் கணக்கு நோட்டைப் புரட்டி எத்தனை டிக் என்று பார்ப்பார், கணக்கு அவருக்குப் புரியாது, டிக் புரியும். ஆக முப்பத்தொன்றும் சார் நேரில் போய்ப் பார்த்து நல்ல வீடு என்று குறித்தவை என்று நினைத்து இந்த வாரம் தளத்தில் அவற்றுக்கு மட்டும் பச்சை நிறத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை வைத்தேன். அழகான முத்திரை. அதன் ஓரத்தை வளைக்கவே அரை நாள் ஆனது. நேற்று மாலை சார் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். “என்னம்மா இது, விசாலாட்சியம்மா வீட்டுக்குப் பச்சை முத்திரை குத்தி வச்சிருக்கே?” நோட்டில் டிக் இருந்தது சார், சரிபார்த்த வீடு என்று நினைத்தேன் என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை, இருமல் வந்துவிட்டது. “பரிமளா, இங்க வா, மதி பண்ணின கூத்தைப் பாரு. எந்த வீட்டுக்கெல்லாம் ஆளு பாத்து அனுப்பணுமோ அந்த வீட்டுக்கெல்லாம் மெடல் குத்தி வச்சிருக்கு.” அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “படிச்ச புள்ளை சார், டிக்கைப் பாத்ததும் மார்க்குன்னு நெனைச்சிருச்சு” என்றாள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது, நானும் சிரித்தேன், அப்போது எனக்குப் பாதி புரிந்திருந்தது.

மீதியை சார் பொறுமையாகத்தான் சொன்னார். “டிக் போட்ட வீடுன்னா ஓனரைக் கேட்டுட்டுத்தான் காட்டணும். சில பேருக்குக் குடுக்க மாட்டாங்க. அதை அவங்களும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, நாமளும் எழுதி வைக்க மாட்டோம். ஒரு டிக், அவ்வளவுதான்.” யாருக்குக் கொடுக்க மாட்டார்கள் சார் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். பரிமளா அக்கா திடீரென்று தன் மேஜை இழுப்பறையில் எதையோ தேடத் தொடங்கினாள். சார் கோபப்படவில்லை. “மதிம்மா, வெப்சைட்னா வேலையை மிச்சம் பண்ணணும். நீதானே சொன்னே. நாலு பேரை வெயில்ல அலைய விட்டு, ஆசைப்பட்டு எல்லா ரூமையும் பாக்க விட்டு, கடைசில இல்லேன்னு சொல்றது பாவம் இல்லையா? மூணு கேள்வி போட்டுட்டா நான் பாத்துப் பிரிச்சிருவேன். அவங்களுக்கு அந்த வீடு கண்ணுலயே படாது. கண்ணுல படாத வீட்டுக்கு யாரும் வருத்தப்பட மாட்டாங்க.” இந்த இடத்தில்தான் நேற்றிலிருந்து சிக்கிக்கொண்டிருக்கிறேன். அவர் கெட்ட மனிதராக இருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மழை நாளில் என்னை ஆட்டோவில் அனுப்பி வைப்பவர். அவர் சொல்வதில் இரக்கம் இருக்கிறது, இருக்கிற மாதிரி இருக்கிறது, கண்ணில் படாத வீட்டுக்கு வருத்தப்பட மாட்டார்கள், அது உண்மைதானே, உண்மையா? நான்கு ஞாயிறுகளாக நாங்கள் அலைகிறோம். பதினோரு வீடு. வேறு ஏரியா புரோக்கர்கள், வேறு வேறு ஸ்கூட்டர்கள், ஒரே மாதிரி வீட்டுக்காரர்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா நேராகச் சமையலறைக்குப் போய் மேடையைச் சாணால் அளப்பாள், அடுப்பு இங்கே, குடம் அங்கே என்று தனக்குள் முணுமுணுப்பாள், தையல் மெஷினுக்கு ஜன்னலோர இடம் பார்ப்பாள். அதற்குள் கூடத்தில் பேச்சு ஆரம்பித்திருக்கும். எந்தப் பக்கம் உங்களுக்கு? அங்க எந்தத் தெரு? தெருப் பெயரைச் சொன்னதும் முகத்தில் ஒன்றும் மாறாது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, ஒன்றுமே மாறாது, காபி சாப்பிடறீங்களா என்று கேட்காமல் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். “கேட்டுச் சொல்றோம்.” முதல் வீட்டின் பதிலுக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். குளிக்கப் போகும்போது போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஒருவேளை சார் சொல்வது சரியோ? அந்தப் பதினோரு வீடும் எங்கள் கண்ணில் படாமலே போயிருந்தால் அம்மா பதினோரு மேடையை அளந்திருக்க மாட்டாள். ஆனால் வீடே இல்லை என்று நினைத்திருப்போம். ஊரில் காலி வீடே இல்லை, எல்லாம் நிறைந்துவிட்டது, நம் நேரம் சரியில்லை, நாம்தான் தாமதமாகத் தேட ஆரம்பித்தோம் என்று நினைத்திருப்போம். அம்மா நேரத்தைத் திட்டியிருப்பாள், என்னைத் திட்டியிருப்பாள். யாரைத் திட்ட வேண்டுமோ அவர்கள் எங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். அந்த வேலையை இப்போது நான் செய்ய வேண்டும். நானே எழுத வேண்டும். எங்களுக்கே ஊரைக் காலியாகக் காட்டுகிற நிரலை என் கையாலேயே.

பத்து ஐம்பது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிர்க் என்கிறது. நினைக்கக் கூடாது என்று நினைத்ததை நினைத்துவிட்டேன், இனி அது வந்துதான் தீரும், வரட்டும். ஆறாவது வீட்டுக்குப் போகும் வழியில், பஸ்ஸில், நான் அப்பாவிடம் சொன்னேன். “அப்பா, என்ன வேலைன்னு கேட்டா மார்க்கெட்ல இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர், இருபத்தாறு வருடமாக, அந்தத் தோளில்தான் நான் கல்லூரிக்குப் போனேன், அவரிடம் நான் சொன்னேன், மட்டும் சொல்லுங்க என்று. அவர் சரி என்றார். அங்கே போய் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் கேட்டார், அப்பா நிதானமாக, “மண்டியில மூட்டை தூக்குறேங்க” என்றார். வெளியே வந்து என்னிடம், “வாயில வரலை பாப்பா” என்றார், மன்னிப்புக் கேட்பது போல. எனக்கு வாயில் வந்தது. இந்த ஆபீஸில் சேர வந்த அன்று சார் கேட்டபோது தடுக்காமல் வந்தது, “மார்க்கெட்ல இருக்காரு சார்.” அவர் கடை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டிருப்பார். தலையசைத்தார். பொய் இல்லை. ஐந்து மாதமாக அதைப் பொய் இல்லை, பொய் இல்லை என்று எண்ணிக்கொண்டே இருக்கிறேன், பொய் இல்லாத ஒன்றை யாரும் இத்தனை தடவை எண்ண மாட்டார்கள். இப்போது படிவத்தில் ‘அப்பாவின் தொழில்’ என்று பெட்டி போட்டால் அதற்குள் எத்தனை பேர் மார்க்கெட்டில் இருக்கிறார் என்று எழுதுவார்கள். எத்தனை பெண்கள் பஸ்ஸில் அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். போட மாட்டேன். இது கோபமா, பயமா என்று தெரியவில்லை, நெஞ்சுக்குள் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். போட மாட்டேன், சரி, பிறகு? பெட்டியைப் போடாமல் விட்டால் சார் வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்வார், அரை மணி நேர வேலை. நான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அந்த வீடும் இருக்காது.

இந்தத் தளத்தை நான் ஏமாற்றாமல் கட்டினேன். எழுபத்து நான்கு வீட்டுக்கும் நடந்து போய்ப் படம் எடுத்தேன், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிற வேகத்தை வீடியோ எடுத்தேன். விரிசல் விழுந்த அம்மாவின் பழைய போனில் மூன்று நொடியில் திறக்கிற வரைக்கும் படங்களைச் சுருக்கினேன், பெரிய போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் திறக்கிற தளம் யாருக்கு? ஒவ்வொரு வீட்டுக்கும் ‘குறை’ என்று ஒரு வரி வைத்தேன். பின் அறையில் வெளிச்சம் குறைவு. மாடிப்படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். சார் அதைப் பார்த்துப் பதறினார், “குறையை நாமளே சொல்றதா?” என்றார். ஒரு மாதம் ஆபீஸுக்கு வந்தவர்களுக்கு வெள்ளோட்டமாகக் காட்டிப் பார்த்தோம், குறையைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தவர்கள் அங்கேயே முன்பணம் கொடுத்தார்கள். சாரே எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார், “எங்க வெப்சைட்ல பொய் கிடையாது.” குறை என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. வெளிச்சம் இல்லாததைச் சொல்கிறோம், படி செங்குத்து என்பதைச் சொல்கிறோம், இதை மட்டும் ஏன் பென்சிலால் ஓரத்தில்? வரியை எழுதிவிட்டேன், எழுதியபிறகுதான் எழுதினேன் என்று தெரிகிறது. ‘உரிமையாளரின் நிபந்தனை.’ பச்சை முத்திரைகளை எல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இது. முன்னால் உரிமையாளர் பெயர், பின்னால் ஒரு காலிப் பெட்டி. தேடி வருகிறவரிடம் இனி யாரும் எதையும் கேட்கத் தேவையில்லை. வீட்டுக்காரர் சொல்லட்டும். தன் பெயரைப் போட்டு, தன் வார்த்தையில், இன்னாருக்கு என் வீட்டைத் தர மாட்டேன் என்று சொல்லட்டும், நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன். ஆனால் பெட்டியில் எதை எழுதுவது? நோட்டில் டிக் மட்டும்தான் இருக்கிறது. நானாக எழுதினால் அது என் ஊகம். அவரவரைக் கேட்க வேண்டும்.

“ராகுகாலத்துல எங்கடி போன் பண்றே?” என்கிறாள் பரிமளா அக்கா, நான் ஆபீஸ் போனை இழுத்ததும். ஓனருங்களுக்கு அக்கா, ஒரு விவரம் வேணும். “சார் வந்தப்புறம் பண்ணேன்.” வந்தப்புறம் பண்ண முடியாதுக்கா. அவள் என்னைப் பார்த்தாள், கடலைத் தொலியை ஊதினாள், அவள் பக்கத்து மேஜை விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள். நான்காம் எண் வீடு, விசாலாட்சியம்மா. மணி அடிக்கிறது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். எடுத்துவிட்டார். வணக்கம்மா, அழகேசன் சார் ஆபீஸ்லேர்ந்து மதி பேசறேன், உங்க வீட்டை இன்னிக்கு வெப்சைட்ல போடறோம், குடி வர்றவங்களுக்கு உங்க நிபந்தனை என்னன்னு உங்க பேரோட போடறதா இருக்கோம், சொல்லுங்க, அப்படியே எழுதிக்கிறேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். “நிபந்தனையா? அதான் அழகேசனுக்குத் தெரியுமே.” “அவருக்குத் தெரியும்மா, வர்றவங்களுக்குத் தெரியாதே.” “நல்ல குடும்பமா இருக்கணும், அவ்வளவுதான்.” “நல்ல குடும்பம், எழுதிக்கிட்டேன். அதை எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?” “ஏண்டி பொண்ணே, உனக்குத் தெரியாதா?” “தெரியாதும்மா. நீங்க சொன்னா போட்டுருவேன்.” குக்கர் விசில் ஒன்று. இரண்டு. “எழுதினா எல்லாரும் படிப்பாங்களோ?” “உலகம் பூரா படிக்கலாம்மா.” “என் பையன் வெளிநாட்டுல இருக்கான், அவனுமா?” “அவருந்தாம்மா.” மூன்றாவது விசில். “அவன் ஆபீஸ்ல வேற பாத்துத் தொலைப்பாங்க. ஒண்ணும் எழுதாத, காலியா விடு.” “காலியா விட்டா நிபந்தனை எதுவும் இல்லைன்னு வரும்மா.” “வந்தா வரட்டும், போ. அடுப்புல வேலை கெடக்கு.” வைத்துவிட்டார். நான் எழுதினேன், விசாலாட்சி, நிபந்தனை எதுவும் இல்லை. சிரிப்பு வருகிறது, தட்டச்சில் நான்கு பிழை. ஆறாம் எண், மருந்துக்கடைக்காரர். உங்க வீட்டுக்கு நோட்டுல ஒரு டிக் இருக்கே சார் என்றேன். “டிக்கா? எந்த டிக்? ஓ, அதா. அது எங்க அம்மா சொல்லிப் போட்டதும்மா. அம்மா போய் எட்டு வருஷம் ஆச்சு.” உங்களுக்கு சார்? “எனக்கு ஒண்ணுமில்லை. நாய் வளர்க்காம இருந்தா சரி. ஏன், யாருமே என்னைக் கேக்கலையே?” எட்டு வருடம். எட்டு வருடமாக ஒரு செத்துப்போன அம்மாள் அந்த வீட்டு வாசலில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள், அழிப்பான் எடுத்து ஒரு கோட்டை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள். ஒன்பதாம் எண், கதிரேசன், ஓய்வுபெற்ற அதிகாரி. நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். “உன் பேர் என்ன சொன்னே?” மதி சார். “முழுப் பேர்?” நிறைமதி சார். “உங்க அப்பா பேர்?” சொன்னேன். “உன் முதலாளியை எங்கிட்டப் பேசச் சொல்லு.” வைத்துவிட்டார். வைத்த கையோடு சாரைக் கூப்பிட்டிருப்பார். சந்தேகமே இல்லை.

பதினொன்று இருபத்தைந்து. அடுத்து பதினேழை எடுக்கலாம் என்று விரல் போகிறது, எடுக்க மாட்டேன் என்று திரும்புகிறது. பதினேழு, ராஜம் காலனி, தெய்வசிகாமணி, கீழ்ப் போர்ஷன், டிக். படம் எடுக்கப் போன அன்றே அந்தச் சமையலறையில் நின்று மேடையைச் சாணால் அளந்தேன், அம்மாவைப் போலவே, பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். ஐந்தரைச் சாண். கிழக்குப் பார்த்த ஜன்னல், அதற்குக் கீழே மெஷின் சரியாக உட்காரும். வாடகை எங்களால் முடியும். அந்த வீட்டின் படங்களை மட்டும் மூன்று முறை திருத்தினேன். ஆகவே மதி, நேர்மையாகச் சொல், இந்த வரியை நீ ஊருக்காகப் போட்டாயா, உனக்காகவா? ஆபீஸ் போனில் ஆபீஸ் பேரைச் சொல்லி உனக்கு வீடு தேடுகிறாயா? அது சரியா? சரியில்லை என்றால் முப்பத்தொன்றில் பதினேழை மட்டும் விட்டுவிட வேண்டும், விட்டுவிட்டால் அந்த டிக் அப்படியே இருக்கும், ஒரு நேர்மைக்காக இன்னொன்றை விட வேண்டும், இதென்ன கணக்கு. எனக்காகத்தான். எனக்காக என்றால் என்ன? வயிற்றுப் பசிக்காரன் சோறு கேட்டால் அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி. நான் மறைக்காமல் இருந்தால் போதும். யாரிடம் மறைக்காமல்? ஸ்கூட்டர் சத்தம். வாசலில் ஸ்டாண்டு போடுகிற சத்தம். பதினொன்று நாற்பது, ராகுகாலத்தில் வந்துவிட்டார், இந்த ஐந்து மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட இப்படி வந்ததில்லை. பரிமளா அக்கா கடலைப் பொட்டலத்தைச் சுருட்டி உள்ளே வைக்கிறாள். “நிமிந்து உக்காருடி” என்கிறாள், என்னைப் பார்க்காமல்.

“யாரைக் கேட்டு போன் பண்ணினே?” என்றார். உட்காரவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. யாரையும் கேக்கலை சார். “கதிரேசன் என்னைக் கூப்பிட்டுக் கத்தறாரு. இருபது வருஷப் பழக்கம்.” டிக் போட்ட வீடுன்னா ஓனரைக் கேட்டுட்டுத்தான் காட்டணும்னு நீங்கதான் சொன்னீங்க சார், கேட்டேன். சொன்ன பிறகு, குதர்க்கமாக இருந்துவிட்டதோ என்று பயந்தேன், ஆனால் அது உண்மையாகவும் இருந்தது. அவர் திரையைப் பார்த்தார். உரிமையாளரின் நிபந்தனை. விசாலாட்சி, எதுவும் இல்லை. அடுத்ததையும் படித்தார், நாய் வளர்க்கக் கூடாது. “விசாலாட்சியம்மாவா சொன்னாங்க?” என்றார், அந்த ஒரு கணம் கோபத்தை மறந்துவிட்டு. சொன்னாங்க சார். பிறகு குரல் தணிந்தது, தணிந்ததும் எனக்கு இன்னும் பயமானது. “யாருக்காகம்மா இவ்வளவும்?” எனக்காகத்தான் சார். வாயில் வந்தது. எங்களுக்கு வீடு வேணும், ஆனிக்குள்ள காலி பண்ணணும், பதினேழாம் நம்பர் வீடு வேணும். அப்பாவுக்கு மார்க்கெட்ல கடை இல்ல சார், மூட்டை தூக்குறாரு, அன்னிக்கு நான் முழுசா சொல்லலை. மின்விசிறி இரண்டு முறை கிர்க் என்றது. சார், வாடிக்கையாளர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்குத் தெரியும்மா” என்றார். “நீ சேர்ந்த வாரமே விசாரிச்சேன். நான் எதாவது கேட்டேனா? நடத்தையில எதாவது காட்டினேனா? வேலைக்கு வேற, வீட்டுக்கு வேற.” அவர் இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். வேலைக்கு வேறு, வீட்டுக்கு வேறு. ஐந்து மாதம் நான் பொய் இல்லை, பொய் இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் எல்லாம் தெரிந்து எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டுமா? சொல்ல மாட்டேன். எதற்கு நன்றி? எனக்குக் கிடைக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே ஒரு சுவர் வைத்திருக்கிறார், அந்தச் சுவர் இயற்கையாக முளைத்தது என்று நம்புகிறார். சார், அந்த மூணு கேள்வியைப் போடறேன், ஆனா ஒவ்வொண்ணுக்கும் கீழ இதை எதுக்குக் கேக்கறோம்னு ஒரு வரி வேணும், நல்ல வெப்சைட்ல அது இருக்கணும், நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். சைவமா என்று ஏன் கேட்கிறோம். அப்பா தொழில் என்னவென்று ஏன் கேட்கிறோம். அவர் வாயைத் திறந்தார். எழுதுகோலைப் பிடித்து எழுதுவது போல விரலை அசைத்தார். மூடினார். “திங்கக்கிழமை பேசிக்கலாம்” என்றார், “மிச்ச போனையெல்லாம் விடு.”

திங்கட்கிழமை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேலை போகலாம். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, போகக் கூடாது, அம்மா இந்தச் சம்பளத்தை எண்ணித்தான் வீட்டு வாடகையைக் கணக்கிட்டிருக்கிறாள். ஆனால் போன் என் பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. எடுத்தேன். சார் பார்க்கிறார், எழுந்து வந்து பிடுங்கலாம், பிடுங்கவில்லை. பதினேழு. இரண்டாவது மணியில் எடுத்தார். வணக்கம் சார், மதி பேசறேன், அன்னிக்கு வந்து படம் எடுத்தேனே. “சொல்லும்மா, தெரியுது, வெயில்ல வந்துட்டு மோர் குடிச்சியே.” ஆமாம், மோர் குடித்தேன், எவர்சில்வர் டம்ளரில், அப்போது அவர் என்னைக் கேட்கவில்லை. உங்க வீட்டைப் பாக்க ஒரு குடும்பம் இருக்கு சார், மூணு பேர், நாங்கதான். அப்பா மண்டியில மூட்டை தூக்குறாரு, அம்மா தைப்பாங்க, மீன் கறி எல்லாம் சமைப்போம். எங்கள் தெருவின் பெயரையும் சொன்னேன். உங்க நிபந்தனையைக் கேட்டு வெப்சைட்ல உங்க பேரோட போடணும், சொன்னீங்கன்னா அப்படியே எழுதிக்கிறேன் சார். அந்தப் பக்கம் டிவியில் யாரோ விளம்பரத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். “வீட்ல கேட்டுச் சொல்றேம்மா.” கேளுங்க சார், நான் லைன்லயே இருக்கேன். “இப்பவேயா?” இருக்கேன் சார், அவசரமில்லை. ரிசீவரை எங்கோ வைக்கிற சத்தம். செருப்பு தேய்கிற சத்தம். டிவி அணைகிறது. பெண் குரல், தாழ்வாக, பிறகு தாழ்வாக இல்லாமல், “அந்தப் பொண்ணா? படம் எடுத்துச்சே, அந்தப் பொண்ணா?” பிறகு அவர் குரல், பிறகு எதுவுமில்லை. காது சுடுகிறது, போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். வைத்துவிடலாம். பரவாயில்லை சார் அப்புறம் பேசறேன் என்று சொல்லி அவர்களைச் சங்கடத்திலிருந்து விடுவிக்கலாம், எனக்கு அது நன்றாக வரும், பழக்கம். மாட்டேன். இந்த நிமிடம் அவர்களுடையது, அவர்களே இருந்து பார்க்கட்டும். பரிமளா அக்கா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். சார் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போடுகிறார்.

“லைன்ல இருக்கியாம்மா?” இருக்கேன் சார். “நான் சொல்றதை அப்படியே எழுதிருவியா?” ஒரு எழுத்து மாத்த மாட்டேன் சார். மூச்சு. நீண்ட மூச்சு. “தண்ணியை அளவா செலவு பண்ணணும்.” எழுதிக்கிறேன் சார். தண்ணியை, அளவா, செலவு பண்ணணும். வேற? “வேற...” நான் காத்திருக்கிறேன். உதவி செய்ய மாட்டேன், நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். “ராத்திரி பத்து மணிக்கு மேல கேட்டைச் சாத்திருவோம்.” சரி சார், எழுதிட்டேன். வேற எதாவது இருக்கா சார்? உள்ளிருந்து அந்தப் பெண் குரல் ஏதோ சொன்னது, அவர் “சும்மா இரு” என்றார், எனக்கல்ல. “வேற ஒண்ணுமில்லை.” அதையும் எழுதிக்கிறேன் சார், வேறு நிபந்தனை இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு அம்மா அப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். “ம்” என்றார். அது வாங்க என்கிற ‘ம்’ இல்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நாளைக்குள் வீட்டை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லலாம், மகள் வருகிறாள் என்று சொல்லலாம், சொன்னால் அதையும் தேதி போட்டு அவர் பெயருக்குக் கீழே எழுதுவேன், ஆனி வரைக்கும், ஆனிக்குப் பிறகும், எனக்குப் பெட்டி நிறைய இருக்கிறது. போனை வைத்தேன். மீதி இருபத்தேழு வீட்டுக்கும் ஒரே வரியை இட்டேன், ‘உரிமையாளரிடம் கேட்கப்பட்டுள்ளது, பதில் வரவில்லை’ என்று, உடனே அது பொய் என்று உறைத்தது, இன்னும் கேட்கவில்லையே, அழித்துவிட்டு ‘இன்னும் கேட்கவில்லை’ என்று திருத்தினேன். கதிரேசனுக்கு மட்டும், ‘கேட்டோம், பதில் சொல்லவில்லை.’ பிறகு ‘வெளியிடு’ பொத்தான் தெரிகிற மாதிரி திரையைச் சார் பக்கம் முழுக்கத் திருப்பினேன், சுட்டியை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன். “படிச்சுப் பாருங்க சார்” என்றேன். “எங்கயாவது பொய் இருந்தா சொல்லுங்க, எடுத்துடறேன்.”